ஜீப் வண்டிகளில் மின்னேற்றம் குறைவதேன்?

மலைப்பாதைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் ஓட வேண்டிய ஜீப் வகை வண்டிகளுக்கு நேரும் கோளாறுகளுள் மிகச் சாதாரணமானதும், மிகுந்த தொல்லை தருவதும், பாட்டரிக்கு உரிய மின்னேற்றம் கிடைக்காமற் போதலாகும். டயரில் ஆணி ஏறினால் உடனே தெரிந்துவிடும். ரேடியேட்டரில் நீர் வற்றினால் ஆவி எழும்பும். இக்கோளாறோ பல வாரங்கள் மறைந்திருந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்ப முயலும் வேளையில்தான் வெளிப்படுகிறது. அவ்வேளை தேன்கனிக்கோட்டையைக் கடந்து அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் இரவு எட்டு மணியாக இருக்கலாம். பாம்பு கடித்த ஒருவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் பயணத்தின் நடுவிலும் இருக்கலாம். யானைகள் நடமாடும் இடத்தில் வண்டியை விட்டிறங்கித் தள்ளுவது எல்லாக் காலத்திலும் இயல்வதன்று.

இந்நிலை ஏற்பட்டவுடன் பொதுவாகச் செய்யப்படுவது யாதெனில், பாட்டரியை மாற்றுவதாகும். புதிய பாட்டரி சில வாரங்கள் ஒழுங்காக வேலை செய்து, பின்னர் அதுவும் இறங்கிவிடுகிறது. அடுத்தபடியாக மின்னாக்கி, அதாவது ஆல்டர்னேட்டர், மாற்றப்படுகிறது. அதன் பின்னும் குறை தீராதபோது ரெகுலேட்டர்மீது பழி விழுகிறது. இவ்வாறு பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகு, ஒரு முழ நீளமுள்ள செப்புப் பின்னலின் ஒரு முனையில் பிடித்திருந்த களிம்பே காரணமென்று தெரியவருவதுண்டு. பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது சோதனை முறை ஆகாது. மின்னழுத்தம் எங்கே உண்டாகிறது, எவ்வழியே செல்கிறது, வழியில் எங்கே இழக்கப்படுகிறது என்று அளந்து காண்பதே முறையாகும். அதற்கு வேண்டிய கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர்தான்.

நீலசந்திராவில் ஓர் உதாரணம்

பெங்களூரு நகரில் ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அடுத்துள்ள நீலசந்திரா, தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழும் பகுதியாகும். இதற்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள ஆடுகோடியில்தான், 1951இல் தொடங்கப்பெற்று மக்களால் ‘மைக்கோ’ என்று வழங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நெடுங்காலம் இயங்கிற்று. இந்நிறுவனம் 2008இல் பாஷ் எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளுக்குச் செல்லும் ஓசூர்ச் சாலையும் இப்பக்கமாகவே செல்கிறது. இத்தகைய பகுதியிலுள்ள ஒரு பட்டறைக்கு, பல ஆண்டுகள் உழைத்த மாருதி ஜிப்சி வண்டி ஒன்று கொண்டுவரப்படுவதாகக் கொள்வோம். 1985இல் வெளிவந்த இவ்வகை வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டபோதிலும், இன்னும் பல வண்டிகள் மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டிக்காரர் கூறும் குறைகள் மூன்று: காலையில் ‘செல்ஃப்’ மெதுவாகச் சுற்றுகிறது, இரவில் முன்விளக்குகள் மங்குகின்றன, ஓராண்டுக்குள் இரண்டு பாட்டரிகள் வீணாகிவிட்டன. பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு, பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தபோது, மீட்டர் 13.1 வோல்ட் காட்டுகிறது. பாட்டரியின் பெயர்ப் பலகையில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதால், 13.1 வோல்ட் போதாதா என்ற ஐயம் இங்கே எழுவது இயற்கை. போதாது. அதன் காரணத்தை அறியப் பாட்டரியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்க வேண்டும்.

பாட்டரியினுள் நிகழ்வது

பாட்டரி என்பது மின்சாரத்தை அப்படியே நிரப்பி வைக்கும் குடம் அன்று. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே 1859இல் அமைத்த ஈய அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்று வண்டிகளில் உள்ள பாட்டரியும். 12 வோல்ட் பாட்டரியில் இத்தகைய கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடுகளும் ஈய டையாக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தகாமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலம் மேலும் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வேதியியல் மாற்றம் எதிர்த்திசையில் நடந்து, சல்பேட்டு கரைந்து அமிலம் மீண்டும் செறிவுறுகிறது.

முழுதும் ஏற்றப்பட்ட பாட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் சுமார் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் ஏறத்தாழப் பாதி நிலையைக் குறிக்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், கையிருப்பின் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதென்று கொள்ள வேண்டும். பாட்டரியினுள் மின்சாரத்தைச் செலுத்துவதற்கு, இந்தச் சொந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஆதலால் ஓடும் வண்டியில் பாட்டரி முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் அவசியம்.

இங்கே கவனிக்கத்தக்கது, மொத்த அழுத்தம் அன்று, எஞ்சி நிற்கும் அழுத்தமே. 14.2 வோல்ட்டிலிருந்து 12.6ஐக் கழித்தால் 1.6 வோல்ட் எஞ்சுகிறது. 13.1இலிருந்து கழித்தாலோ 0.5 வோல்ட் மாத்திரமே. மீட்டரில் காணும் குறைவு நூற்றுக்கு எட்டு அளவில்தான் உள்ளது. ஆனால் மின்னேற்றத்தை நடத்தும் உந்துவிசை மூன்றிலொரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இது தோராயமான கணக்கே. எனினும் வண்டிக்காரரின் பாட்டரி ஏன் நாள்முழுதும் ஓடியும் நிறையவில்லை என்பதை இது தெளிவாக்கும். நிறையாத பாட்டரியில் தங்கிவிடும் சல்பேட்டு, நாளடைவில் கெட்டியான படிகங்களாக மாறி, பிறகு உரிய அழுத்தம் கொடுத்தாலும் எளிதிற் கரைவதில்லை. இரண்டு பாட்டரிகள் வீணானதன் வரலாறு இதுவே. பாட்டரி இங்கே குற்றவாளி அன்று, பட்டினியால் மடிந்தது.

எங்கே அளப்பது?

சோதனையின் முதற்படி, பாட்டரியைத் தனியே ஏற்றி நல்ல நிலைக்குக் கொண்டுவருதல். இறங்கிப்போன பாட்டரி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்குமாதலால், அந்நிலையில் எடுக்கும் அளவுகள் மயக்கம் தரும். இரண்டாவதாக, மீட்டரின் முனைகளைக் கம்பியின் கிளாம்பில் வைக்காமல், பாட்டரியின் ஈயத் தண்டின் மேலேயே வைக்க வேண்டும். கிளாம்புக்கும் தண்டுக்கும் இடையிலேயே இழப்பு இருக்கக்கூடும். கிளாம்பில் வைத்து அளப்பவர் அதைக் காணவே முடியாது. இது சிறு செய்தி போலத் தோன்றினும், பலர் தவறவிடுவது இதனையே.

எஞ்சினை நிமிடத்திற்குச் சுமார் 2,000 சுற்றுகளில் ஓடவிட்டு, முன்விளக்குகளையும் காற்று விசிறியையும் போட்டபின் அளக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் பல குறைகள் வெளிப்படா. நம் உதாரணத்தில் பாட்டரித் தண்டுகளில் 13.1 வோல்ட் இருக்கும்போது, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளந்தால் 14.2 வோல்ட் இருக்கிறது. இவ்வொரு அளவே பெரும் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும் தம் கடமையைச் செய்கின்றன. உண்டான அழுத்தத்தில் 1.1 வோல்ட் வழியில் மறைகிறது.

வழிகள் இரண்டு. ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரியின் நேர்முனைக்குச் செல்வது ஒன்று. பாட்டரியின் எதிர்முனையிலிருந்து வண்டியின் உடல், அடிச்சட்டம், எஞ்சின் ஆகியவற்றின் வழியாக ஆல்டர்னேட்டரின் உடலுக்குத் திரும்பிவருவது மற்றொன்று. பட்டறை வழக்கில் ‘எர்த்து’ எனப்படும் இத்திரும்பு வழி கண்ணுக்குத் தெரியும் கம்பியாக இல்லாமையால், பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆனால் நேர்முனைக் கம்பியில் எத்துணை மின்னோட்டம் போகிறதோ, அத்துணையும் இவ்வழியே திரும்பியாக வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும், மற்றதைப் பாட்டரியின் நேர்த்தண்டிலும் வைத்தால், அவ்வழியில் நேரும் இழப்பு நேராகத் தெரியும். நம் உதாரணத்தில் அது 0.25 வோல்ட். பழைய வண்டிக்கு இது பொறுக்கத்தக்கதே. பிறகு ஆல்டர்னேட்டரின் உடலிலும் பாட்டரியின் எதிர்த்தண்டிலும் வைத்தால், 0.85 வோல்ட் காட்டுகிறது. இவ்விடத்தில் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. குறை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்த்தண்டிலேயே நிறுத்தி, மற்றதைக் கிளாம்பு, அடிச்சட்டம், எஞ்சின் என ஒவ்வொரு கட்டமாக நகர்த்திச் சென்றால், அளவு திடீரென ஏறும் இடமே கோளாறு உள்ள இடம். ஜீப் வகை வண்டிகளில் அது மிகப் பல சமயங்களில் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் செப்புப் பின்னலாக இருக்கும்.

இதன் காரணம் எளிது. அதிர்ச்சியைத் தாங்குவதற்காக எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினுக்கும் அடிச்சட்டத்திற்கும் மின்னிணைப்புத் தருவது இப்பின்னல் ஒன்றே. நகரச் சாலையில் ஓடும் காரில் இது உலர்ந்த இடத்தில் நெடுநாள் கெடாமல் இருக்கும். ஓடையைக் கடந்து சேற்றில் புரளும் வண்டியிலோ, ஈரமும் மண்ணும் இடைவிடாத குலுக்கலும் சேர்ந்து, போல்ட்டின் அடியில் துருவையும் களிம்பையும் உண்டாக்குகின்றன. பின்னலின் இழைகளும் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன.

ஓம் விதியும் பட்டறையும்

ஜெர்மானிய விஞ்ஞானி ஜியார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின்படி, மின்னழுத்த இழப்பு, மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிவரும் தொகையாகும். நம் உதாரணத்தில் 35 ஆம்பியர் ஓடும்போது 0.85 வோல்ட் இழக்கப்படுவதானால், அவ்விணைப்பின் தடை சுமார் 0.024 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் தடை அளக்கும் பகுதியைக் கொண்டு இதனைக் கண்டறிய இயலாது. மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையே இதைவிடப் பன்மடங்கு அதிகம். அம்மீட்டரில் ‘இணைப்பு நன்று’ என்று ஒலி எழும்பும். ஒரே ஓர் இழை அறுபடாமல் இருந்தாலும் அவ்வொலி கேட்கும். ஆதலால்தான் மின்னோட்டம் நடைபெறும்போதே அழுத்த இழப்பை அளக்க வேண்டுமென வற்புறுத்தப்படுகிறது. ஓட்டமில்லாத கம்பியில் இழப்பும் இல்லை.

இதே 0.024 ஓம் தடை, எஞ்சினைக் கிளப்பும்போது என்ன செய்யுமென்று பார்க்கலாம். தொடக்க மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், இழப்பு சுமார் 3.6 வோல்ட் ஆகிறது. பாட்டரி எத்துணை நல்லதாயினும் மோட்டாருக்குக் கிடைப்பது அரைகுறை அழுத்தமே. ‘செல்ஃப்’ மெதுவாகச் சுற்றியதும், மின்னேற்றம் குறைந்ததும் வெவ்வேறு நோய்கள் அல்ல என்பது இக்கணக்கால் விளங்கும். சில வண்டிகளில் எர்த்துப் பின்னல் முற்றிலும் அறுபட்டபோது, மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் அல்லது கிளச்சின் எஃகுக் கம்பி வழியாகப் புகுந்து, அதனைச் சூடாக்கி உறையைக் கருக்கிவிடுவதும் உண்டு. அவ்வாறு கருகிய கம்பியைக் கண்டால், புதிய கம்பி வாங்குமுன் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

தீர்வு பெரிய வேலையன்று. பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, பின்னலின் இரு முனைகளையும் அவிழ்த்து, எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் அவை உட்காரும் இடங்களை உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வண்ணப்பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கும் பொருளே என்பதை மறக்கலாகாது. வண்டிக்குப் புதிதாக வண்ணம் அடித்த பின்னர் இக்கோளாறு தோன்றுவது இதனாலேயே. இழைகள் அறுந்திருப்பின் புதுப் பின்னல் பொருத்தி, பல்வாஷர் இட்டு இறுக்கி, மேலே வாசலைன் பூசிவிட்டால் நீர் புகாது. மாற்றியபின் மீண்டும் அளந்து பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

பழைய ஜீப் வண்டிகளை அறிந்த மெக்கானிக்குகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை எர்த்துக் கம்பியைச் சுரண்டித் துடைக்கும் வழக்கமுடையவர்கள். இது காரணமற்ற பழக்கமன்று. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்புகளில் 6 வோல்ட் அமைப்பே இருந்தது. அழுத்தம் பாதியானால், அதே வேலைக்கு மின்னோட்டம் இருமடங்கு வேண்டும்; அதே தடையில் இழப்பும் இருமடங்காகும்; அவ்விழப்பும் சிறிய தொகையிலிருந்து கழிவதால் அதன் கேடு நான்கு மடங்காக உணரப்படும். 6 வோல்ட் வண்டியில் அழுக்கு எர்த்தை ஒருநாளும் பொறுத்துக்கொள்ள முடியாது. 12 வோல்ட் வண்டி ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அதனாலேயே அக்கறையும் குறைந்துவிட்டது.

ஆல்டர்னேட்டரிலேயே அழுத்தம் குறைந்தால்

மேற்கூறிய உதாரணத்தில் ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட் இருந்தது. அங்கேயே 13 வோல்ட்டோ அதற்குக் கீழோ இருக்குமாயின், ஆராய வேண்டிய இடம் வேறு. அப்பொழுது விளக்குகளை அணைத்தும் போட்டும் இரு அளவுகள் எடுக்க வேண்டும். சுமையில்லாதபோது சரியாக இருந்து, சுமை ஏறியதும் அழுத்தம் விழுந்தால், முதலில் ஐயுற வேண்டியது ஃபேன் பெல்ட். தளர்ந்த பெல்ட் சிறு சுமையை இழுக்கும், பெருஞ்சுமையில் வழுக்கும். வழுக்கும் பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடி போல் பளபளக்கும். கப்பி தொடமுடியாதபடி சுடும். எஞ்சினைக் கிளப்பியவுடன் கீச்சென்ற ஒலி எழும். ஓடையைக் கடந்த சில நிமிடங்கள் மட்டும் இவ்வாறு நேர்ந்தால், பெல்ட் நனைந்ததே காரணமாயிருக்கலாம். இரு கப்பிகளுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் 1 செ.மீ. அமுங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் தாங்கிகள் தேயும்.

பெல்ட் சரியாக இருந்தும் சுமையில் அழுத்தம் விழுமாயின் டயோடுகளைச் சோதிக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதனை ஒருதிசை மின்சாரமாக மாற்றுபவை பொதுவாக ஆறு சிலிக்கன் டயோடுகள். இத்தகைய டயோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதன் பயனாகவே, 1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியண்ட் காரில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. பின்னர் எங்கும் பரவிற்று. சென்னைப் பாடியிலுள்ள லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனமும் 1961இல் தோன்றியதே. டயோடு ஒன்று கெட்டால் ஆல்டர்னேட்டர் முழுதும் நின்றுவிடுவதில்லை. அதன் ஆற்றல் குறைகிறது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை மாறுதிசைப் பகுதிக்கு மாற்றிப் பாட்டரித் தண்டுகளில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டயோடு கெட்டிருப்பதன் அடையாளம். கெட்ட டயோடு இருபுறமும் கடத்தத் தொடங்கினால், வண்டி நிற்கும்போதும் பாட்டரி அதன் வழியே இறங்கும். இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டர் காலையில் இளஞ்சூடாக இருக்கக் கண்டால், வேறு சாட்சி வேண்டா.

சுமை இருந்தாலும் இல்லாவிடினும் அழுத்தம் தாழ்ந்தே இருந்தால், ரெகுலேட்டரும் கார்பன் பிரஷ்களும் ஐயத்துக்குரியவை. சேற்றுத் தூசி புகும் வண்டிகளில் பிரஷ்கள் விரைந்து தேய்கின்றன. முகப்புப் பலகையிலுள்ள சிவப்பு விளக்கையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு வேண்டிய ஆரம்ப மின்னோட்டம் அச்சிறு விளக்கின் வழியாகவே செல்கிறது. அந்த பல்பு எரிந்துபோனால், எஞ்சினை மிக வேகமாக ஓட்டும்வரை ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் கவனிப்பது செலவில்லாத சோதனை.

குறையல்லாத குறைவுகளும் உண்டு. வெப்பம் ஏறினால் பாட்டரிக்கு வேண்டிய அழுத்தம் குறைகிறது; அதற்கேற்ப ரெகுலேட்டரும் தன் அளவைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது. பெங்களூரில் மார்கழிக் காலையில் 14.4 வோல்ட் காட்டிய வண்டி, சித்திரை நண்பகலில் கிருஷ்ணகிரிச் சாலையில் 13.8 காட்டினால் அஞ்ச வேண்டுவதில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் அழுத்தம் குறைவதும் பெரும்பாலும் இயல்பே. மேலும், அண்மைக் காலத்து வண்டிகளில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, கணிப்பொறியே ஆல்டர்னேட்டரை ஆள்கிறது. பாட்டரி நிறைந்திருக்கும்போது அழுத்தத்தை அது 13 வோல்ட்டுக்கு அருகே இறக்கி, வண்டி வேகம் குறையும்போது உயர்த்தும். இத்தகைய வண்டியில் ஒரேயொரு அளவை எடுத்து முடிவுகட்டுவது தவறாகும். எதிர்முனைக் கிளாம்பின் மேல் சிறு பெட்டி போன்ற உணர்கருவி இருந்தால், இவ்வகை வண்டி என்று அறியலாம். சில இராணுவ வண்டிகள் 24 வோல்ட் அமைப்புடையவை. ஏலத்தில் வாங்கிய வண்டியாயின் முதலில் அதனை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மலையேற்ற ஆர்வலர்கள் கூடுதலாகப் பொருத்தும் சாதனங்களையும் கணக்கிட வேண்டும். 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்தால் சுமார் 9 ஆம்பியர். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் மின்சார வின்ச், முழு இழுப்பில் 300 ஆம்பியருக்கு மேலும் கொள்ளும். எந்தச் சாதாரண ஆல்டர்னேட்டரும் அதனைத் தராது. பாட்டரியின் கையிருப்பே கரைகிறது. வின்ச் உபயோகித்த உடனே எஞ்சினை நிறுத்தாமல் சிறிது நேரம் ஓடவிடுவது நன்று.

செய்யலாகாதவை

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்தில் சிலர் கையாண்ட சோதனை. இன்றைய வண்டியில் இதனைச் செய்யவே கூடாது. திடீரெனச் சுமை நீங்கியதும் ஆல்டர்னேட்டரின் அழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுகளுக்கு எழும்பி, டயோடுகளையும் வண்டியின் மின்னணுக் கருவிகளையும் அழித்துவிடும். மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. பாட்டரியின் அருகே பீடி, சிகரெட்டு, தீக்குச்சி எவையும் ஆகா. இருட்டில் அமில மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர்கள் கண்ணை இழந்திருக்கின்றனர். மோதிரத்தையும் உலோகச் சங்கிலிக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்த பின்னரே ஸ்பானரைக் கையிலெடுக்க வேண்டும். கிளாம்பில் பூத்த வெண்மையான படிவை, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம்; அந்நீர் கலத்தினுள் ஒரு சொட்டும் புகலாகாது. உள்ளே ஊற்றத்தக்கது காய்ச்சி வடித்த நீர் மாத்திரமே.

வகுப்பறையில்

ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பொருளை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். இதற்கு வண்டிப் பாட்டரியை உபயோகிக்கக் கூடாது. தவறுதலாக முனைகள் ஒட்டினால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து தீப்புண் உண்டாகும். டார்ச்சு விளக்குக்குரிய 1.5 வோல்ட் கலங்கள் இரண்டு, ஒரு சிறு பல்பு, சில கம்பிகள், ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். கலங்களிலிருந்து பல்புக்குச் செல்லும் வழியின் நடுவே, துருவின் மேல் கம்பிகள் மெல்லத் தொடும்படி ஆணியை வைக்க வேண்டும். பல்பு மங்கலாக எரியும். ஆணியின் இருபுறமும் மீட்டரை வைத்து, காட்டும் அளவை மாணவர் ஒருவர் கரும்பலகையில் எழுதட்டும். பிறகு பல்பைத் திருகிக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அளந்தால், மீட்டர் சுழி காட்டும். துருவோ அப்படியே இருக்கிறது. இழப்பு எங்கே போயிற்று என்று கேட்டால், மாணவர்கள் தாமே விடை கூறுவர். கடைசியாக ஆணியை உப்புத்தாளால் தேய்த்து, பல்பை மீண்டும் பொருத்தி, மூன்றாம் முறை அளந்து, மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் செய்ய வேண்டும். வசதியுள்ள பள்ளிகளில், அருகிலுள்ள பட்டறையின் மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஓடும் ஜீப்பில் இதே மூன்று அளவுகளையும் அவர் கையால் எடுத்துக் காட்டச் செய்யலாம்.